எப்படி எறங்குச்சு?

1

பெங்களூரில் இந்த முறை விமானம் இறங்கியபோது உள்ளே இருந்தவர்கள் கை தட்டினார்கள். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

விமானத்தின் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. கை தட்டியவர்களைத்தான் சொல்கிறேன். வளைகுடாவில் விமானம் மாறி ஏறியதிலிருந்து இவர்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பின்சீட்டுக்காரர் ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டு, வெறும் பாதத்தை என் கைப்பிடி வரைக்கும் நீட்டி வைத்திருந்தார். முன்சீட்டுக்காரர் போனில் காமெடி வீடியோக்களை ஊருக்கே கேட்கும்படி ஓடவிட்டுத் தான் மட்டும் சிரித்தார். கழிவறையைப் பற்றி எழுதினால் நீங்கள் இந்தப் பக்கத்தை மூடிவிடுவீர்கள், அதனால் விடுகிறேன்.

விமானம் ஓடுபாதைக்கு மேலே வந்த பிறகும் தரையைத் தொடாமல் மிதந்துகொண்டே போனது. ஜன்னலில் புல் போனது, பலகைகள் போயின, நின்றிருந்த ஒரு தீயணைப்பு வண்டியும் போனது. சக்கரம் மட்டும் தரைக்கு வரவில்லை. பிறகு தொட்டதே தெரியாமல் தொட்டது. உடனே கைதட்டல், ஒரு விசில் வேறு. அடுத்த கணம் பிரேக் பிடித்த பிடியில் எல்லாருடைய தலையும் முன்சீட்டை முட்டப் போனது, காமெடிப் போன் கையிலிருந்து நழுவி எங்கோ ஓடிப் போனது. கை தட்டிய அதே ஆட்கள் இப்போது முணுமுணுத்தார்கள். மெத்தென்று இறக்கியவர் ஒருவர், பிரேக் போட்டவர் வேறொருவர் என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. மிதந்ததற்கும் பிரேக்குக்கும் முடிச்சுப் போட ஒருவருக்கும் தோன்றவில்லை.

பெல்ட் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே பாதிப் பேர் எழுந்து பைகளை இழுத்தார்கள். ஒரு பை என் தோளில் விழுந்தது. பைக்காரர் என்னைத்தான் முறைத்தார். முதலில் எழுந்தவர்கள் எல்லாம் கடைசியில் பெட்டிக்காக என்னோடுதான் நின்றார்கள் என்பதை ஒரு சின்ன சந்தோஷத்தோடு எழுதுகிறேன்.

அப்பாவுக்கு முதலாண்டுப் பூசை. அதற்காகத்தான் இந்தப் பயணம்.

2

இறங்குவதைப் பற்றி எனக்கு எதற்கு இவ்வளவு பேச்சு என்றால், அதற்கு அப்பாதான் காரணம்.

பொம்மிடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஒரு மாதா கோவில், அதைச் சுற்றிக் கொஞ்சம் வீடுகள், அப்புறம் குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்லும் மரவள்ளிக் காடுகள். அப்பா அந்தக் காட்டை விட்டுச் சேலத்தைத் தாண்டியது வேளாங்கண்ணிக்கு மட்டும்தான். விமானத்தில் ஏறியதே கிடையாது. எவ்வளவு கூப்பிட்டும் அயர்லாந்துக்கு வரவில்லை, மாட்டை யார் பார்ப்பது என்று கேட்டுவிட்டார். ஆனால் நான் எங்கே இறங்கினாலும் அவருக்குப் போன் செய்தாக வேண்டும். சாப்பிட்டாயா, குளிருக்குப் போர்த்தினாயா என்பதெல்லாம் அம்மாவின் இலாகா. அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"எப்படி எறங்குச்சு?"

ஏறியதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. ஏறுவதற்கு என்ன, எவன் வேண்டுமானாலும் ஏறுவான், இறங்கும்போதுதான் ஆள் யாரென்று தெரியும் என்பார். நல்லா எறங்குச்சுப்பா என்று சொன்னால், அந்த விமானி ஏதோ நம் பங்காளி மகன் போல ஒரு 'ம்' வரும். டமார்னு போட்டாம்பா என்றால், முகம் தெரியாத அந்த மனிதனைப் பொழுது சாயும் வரை திட்டுவார். இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே நான் ஒவ்வொரு இறக்கத்துக்கும் மனதுக்குள் மார்க் போட ஆரம்பித்தேன். மற்றவர்கள் கண்ணை மூடிச் செபம் சொல்லும் நேரத்தில் நான் பரீட்சைக் கண்காணிப்பாளர் போல உட்கார்ந்திருப்பேன்.

அப்பாவுக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. நான் பிளஸ் டூவில் கணக்கில் போன அன்று, வீட்டில் எல்லாரும் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் காபியைக் கொடுத்து, வடையைக் கொடுத்து, முகத்தை முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா காட்டிலிருந்து வந்தார். "நீ பெயிலு. மறுபடி எழுதிக்கலாம். இப்ப சோறு தின்னு" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன், பிறகு பசித்தது, தின்றேன்.

3

என் மகள் ஷெரின் அயர்லாந்திலேயே பிறந்தவள், இப்போது கல்லூரியில் முதல் வருடம். தமிழ் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். ஊரில் யாரையாவது வீடியோவில் காட்டினால் ஒரு சிரிப்பு, ஒரு கையசைப்பு, அத்தோடு எழுந்து போய்விடுவாள். வரவர என்னோடு பேச அவளிடம் மிச்சம் இருப்பது விமானம் ஒன்றுதான். அங்கே நாங்கள் இருக்கும் ஊரின் விமான நிலைய வேலியோரம் நின்று விமானங்கள் இறங்குவதை வேடிக்கை பார்க்கும் கூட்டம் ஒன்று உண்டு. சாரலில் குடைகூடப் பிடிக்காத பைத்தியங்கள். அதில் இவளும் ஒருத்தி. பூசைக்கு எழுப்பினால் போர்வையை இழுத்து மூடுவாள், வேலிக்குப் போக வேண்டுமென்றால் கோழிக்கு முன் எழுவாள்.

என் மார்க் போடும் பழக்கத்தைக் கேட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சக்கரம் தரையைத் தொடும் கடைசிக் கணத்துக்கு மட்டும் மார்க் போட்டால் எப்படி என்றாள். அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். விமானம் சரியான வேகத்தில், சரியான சரிவில் கீழே வர வேண்டும். தரை நெருங்கியதும் விமானி மூக்கைக் கொஞ்சம் தூக்குவார். அந்தத் தூக்கலில்தான் இறக்கம் மெத்தென்று அமைகிறது. கொஞ்சம் அதிகமாகத் தூக்கினாலோ வேகம் கூடுதலாக இருந்தாலோ விமானம் மிதக்கும். மிதக்க மிதக்கக் கீழே ஓடுபாதை தீர்ந்துகொண்டே வரும். பாதை நீளமாக, காய்ந்து கிடந்தால் தப்பித்துக்கொள்ளலாம். மழை பெய்து தண்ணீர் நிற்கும்போது மெத்தென்று இறக்க ஆசைப்படவே கூடாதாம். மெல்லத் தொட்டால் சக்கரம் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு போகும். அழுத்தி வைத்தால்தான் சக்கரம் தரையைப் பிடித்துச் சுற்றும், இறக்கைமேல் பலகைகள் எழுந்து நிற்கும், எடை முழுவதும் கீழே இறங்கி பிரேக் பிடிக்கும். ஆகவே விவரம் தெரிந்த விமானி மழையில் வேண்டுமென்றே டொம்மென்று வைப்பார், உள்ளே இருப்பவர்கள் திட்டுவார்கள் என்று தெரிந்தே வைப்பார்.

இதில் நாம் உட்காரும் இடம் வேறு சேர்ந்துகொள்கிறது. இறக்கைக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு மெத்தென்று இருந்தது வால் பக்கம் இருப்பவருக்கு இடுப்பை உடைத்திருக்கும்.

பயணிகளுக்கு வலிக்கக் கூடாது என்று மட்டும் நினைப்பவர் கடைசியில் எல்லாரையும் பாதைக்கு அப்பால் சேற்றில் கொண்டுபோய்ச் சேர்ப்பார் என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். பெண்ணுக்கு வாய் நீளம் என்று நினைத்துக்கொண்டு சட்டியைக் கழுவப் போய்விட்டேன்.

4

போன வருடம் அம்மா எங்களோடு அயர்லாந்தில் இருந்தாள். ஆறு மாத விசாவில் வந்தவள். அப்பா மாட்டோடு ஊரில் இருந்தார். ஒருநாள் காலையில் தம்பி சேவியர் போன் செய்தான். தர்மபுரியில் ஒரு கடையில் வேலை பார்த்துக்கொண்டு, அப்பாவையும் பார்த்துக்கொண்டிருந்தவன் அவன்தான்.

அப்பாவுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், கொஞ்சம் சீரியஸ், அம்மாவைக் கூட்டிக்கொண்டு உடனே கிளம்புங்கள் என்றான். நான் அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன்.

"உசுரு இருக்குதாடா?"

"இருக்குதுங்கக்கா. மூச்சு ஓடிட்டுத்தான் இருக்குது. நீங்க கெளம்புங்க."

நான் வேலை பார்ப்பது ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில். அங்கே யாராவது இறந்துவிட்டால் முதல் செய்தி சமையலறைக்குத்தான் வரும், அந்தத் தட்டை எடுத்துவிட வேண்டும் அல்லவா. வாசலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, பெயரை எழுதி வைத்துவிடுவார்கள். அந்த ஊர் வானொலியில் காலைச் செய்தி முடிந்ததும் இறந்தவர்களின் பெயர்களை வரிசையாக வாசிப்பார்கள், யாருக்கு எந்தக் கோவிலில் அடக்கம் என்பதோடு. போன புதிதில் ரொட்டியை வாயில் வைத்துக்கொண்டு இதைக் கேட்கச் சகிக்காது எனக்கு. மனுஷ ஜென்மங்களா இவர்கள் என்று வானொலியை அணைத்துவிடுவேன்.

அன்று லீவு கேட்டுப் போனபோது என் மேலாளர் அம்மாள் நேராக முகத்தைப் பார்த்து, உன் அப்பா இறந்துவிட்டாரா, இல்லையா என்று கேட்டாள். இறந்திருந்தால் ஒரு வகை லீவு, நோய் என்றால் வேறு வகை. சீரியஸ் என்றேன். அந்த வார்த்தை நம் ஊரில் எதைக் குறிக்கும் என்பது அவளுக்கு விளங்கவில்லை, எதைப் பற்றி சீரியஸ் என்று கேட்டாள். எனக்கு வந்த கோபத்தில் உயிரோடு இருக்கிறார் என்று கத்தாத குறையாகச் சொல்லிவிட்டு வந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், உதறிவிட்டேன். பெற்றவரைப் பற்றி இப்படியா கேட்பது என்று வழியெல்லாம் அருவருப்பாக இருந்தது.

விமான நிலையத்துக்கு எங்களைக் கொண்டுவந்து விட்ட ஷெரினும், அம்மா முன்னால் நடந்த சமயம் பார்த்து அதையே கேட்டாள். தாத்தா இறந்துவிட்டாரா, மாமாவின் குரல் அப்படி இருந்ததே என்றாள். வாயைக் கழுவு என்றேன்.

5

அம்மா விமானத்தில் ஏறியதும் செபமாலையைக் கையில் எடுத்தாள். அப்பா பிழைத்து எழ வேண்டும் என்று ஆரோக்கிய மாதாவிடம் வேண்டிக்கொண்டே வந்தாள். எழுந்தால் அவரை வேளாங்கண்ணிக்குக் கூட்டிப் போய் மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டாள். அவருடைய மண்டையில் எடுக்க முடி எங்கே இருக்கிறது என்று நான் கேட்டபோது கொஞ்சம் சிரித்தாள்கூட.

சாப்பாட்டுத் தட்டு வந்தது, திருப்பிக் கொடுத்துவிட்டாள். அடுத்த விமானத்தில் வந்ததையும் தொடவில்லை. ஒறுத்தலாக இருக்கிறாளாம், அப்பா கண் விழித்து ஒரு வாய் கஞ்சி குடித்த பிறகுதான் சாப்பிடுவாளாம். தண்ணீர் மட்டும் குடித்தாள். நடுநடுவே என்னைத் தட்டி, இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு உதடு அசைத்துக்கொண்டே இருந்தாள்.

பெங்களூரில் மழை. மேகத்துக்குள் விமானம் ஆடி ஆடி இறங்கியது. ஓடுபாதை தெரிந்தது, அதன்மேல் தண்ணீர் மின்னியது. அடுத்து டொம் என்று ஒரு வைப்பு. மேலே பெட்டி வைக்கும் கதவு ஒன்று தானாகத் திறந்துகொண்டது. ஐயோ அம்மா என்று நாலாபக்கமும் சத்தம். எஞ்சின் உறுமியது, விமானம் சமர்த்தாக வேகம் குறைந்து திரும்பியது. யார் இவனுக்கு லைசென்ஸ் கொடுத்தது என்று ஒருவர் கேட்க, பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவனைக் கூட்டி வந்துவிட்டார்கள் என்று இன்னொருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நானும் முட்டை மார்க் போட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா கேட்டால் சொல்வதற்கு இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

அம்மா மட்டும் மாற்றிப் பேசினாள். அவள் ஏரியூர்ப் பக்கம் பிறந்தவள், பரிசலில் ஆற்றைத் தாண்டித் தாண்டி உறவுமுறைகளுக்குப் போய் வந்தவள்.

"இதான் கண்ணு சரி. பரிசல்காரன் கரையில முட்டற மாதிரி முட்டணும். மெல்லத் தொட்டா தண்ணி இழுத்துட்டுப் போயிரும்."

சொல்லிவிட்டு மறுபடியும் மணியை உருட்டினாள்.

6

சேவியர் வாடகைக்குக் கார் எடுத்துக்கொண்டு தானே ஓட்டி வந்திருந்தான். முகம் வீங்கியிருந்தது, தூக்கமில்லை என்றான். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டேன். சேலம் என்றான். கொஞ்ச தூரம் போன பிறகு, தர்மபுரிக்கு மாற்றிவிட்டோம் என்றான். அதன்பின் மழையைப் பற்றிப் பேசினான், ஓசூர் டிராபிக்கைப் பற்றிப் பேசினான், மாங்காய் விளைச்சலைப் பற்றிப் பேசினான். இவ்வளவு பேசுகிற பிள்ளை இல்லை அவன்.

கிருஷ்ணகிரி டோல்கேட் தாண்டியதும் ரோட்டோரம் ஒரு ஓட்டலில் வண்டியைத் திருப்பினான்.

"சாப்புட்டுட்டுப் போலாங்கக்கா. அம்மாவும் ஒன்னும் சாப்புடல."

எனக்கு உண்மையிலேயே பசி. விமானச் சாப்பாட்டைத் தின்றும் தின்னாமலும் வந்தவள். இத்தனை மாதம் கழித்து நம் ஊர் இட்லி என்றதும் நாக்கில் நீர் ஊறியது. இறங்கி, கை கழுவி, உட்கார்ந்து, இட்லி, வடை எல்லாம் நானே சொன்னேன். வந்ததும் சாம்பாரில் முக்கித் தின்ன ஆரம்பித்தேன். அம்மா தட்டைத் தொடவில்லை. சேவியரும் தொடவில்லை. ரெண்டே ரெண்டு தின்னும்மா என்று தட்டை அவள் பக்கம் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருந்தான். அம்மா அந்தத் தட்டையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இதைப் படிக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். நம் பக்கத்தில் சாவுச் செய்தி காதில் விழுந்துவிட்டால், அடக்கம் முடியும் வரை வாயில் பருக்கை வைக்கமாட்டார்கள். அதனால் தூரத்திலிருந்து வரும் ஆளுக்குச் செய்தியைச் சொல்லாமல், முதலில் எங்காவது நிறுத்தி வயிற்றை நிரப்பிவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடும் மனிதரைப் பார்க்கப் போகும்போது எவனும் ஓட்டலில் வண்டியை நிறுத்தமாட்டான், மிதித்துக்கொண்டுதான் போவான். செத்தவருக்குத்தான் அவசரம் கிடையாது. அம்மாவே தன் தங்கச்சிக்கு இப்படிச் செய்தவள், காபியும் உப்புமாவும் கொடுத்துவிட்டு அப்புறம் வாயைத் திறந்தவள். அந்த நாடகத்தில் எல்லா வேஷமும் கட்டியவளிடம் போய் இட்லித் தட்டை நீட்டினான் என் தம்பி. எனக்குத்தான் எல்லாம் மறந்து போயிருந்தது. நான் இரண்டாவது இட்லியில் இருந்தேன்.

"சேவியரு, எப்ப போனாரு?" என்றாள் அம்மா.

சாப்பிடும்மா என்றான் அவன்.

"எப்படா போனாரு?"

அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அழுதான். "உங்களுக்குப் போன் பண்றதுக்கு முன்னாலயேம்மா."

அம்மா அழவில்லை. செபமாலையை மேசைமேல் வைத்து, அதையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"வழி பூரா பொழைக்கணும் பொழைக்கணும்னு சொல்லிட்டு வந்தேன்டா. செத்த மனுசனுக்கு மொட்டை நேந்துக்கிட்டேன். ஆத்துமாவுக்குன்னு சொல்ற செபம் ஒன்னுகூடச் சொல்லல நானு. ஊர்ல மணியடிச்சு, ஊரே சொல்லியிருக்கும். பொண்டாட்டி நான் சொல்லல. அவரு பாட்டுக்குத் தனியாப் போயிட்டு இருக்காரு, நான் ஆகாயத்துல ஒக்காந்துக்கிட்டு அவருக்கு நெஞ்சுவலி கொறையணும்னு வேண்டிட்டு வரேன்."

என் வாயில் இட்லி இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, அம்மா முன்னால் துப்பவும் முடியவில்லை. எழுந்து ஓடி, கை கழுவும் இடத்தில் துப்பினேன். பக்கத்தில் ஒருவர் தொண்டையைக் காறிக்கொண்டிருந்தார். தொட்டியில் சாம்பாரும் யாருடையதோ எச்சிலும் என் இட்லியும் கிடந்தன. அருவருப்பு என்று அதுவரை நான் சொல்லி வந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அப்போது தெரிந்தது. அப்பா அங்கே குளிர்பெட்டியில் படுத்திருக்க, நான் இன்னும் ஒரு கரண்டி சாம்பார் கேட்டு வாங்கியிருந்தேன்.

கார் கிளம்பியதும் அம்மா இறந்தவர்களுக்கான செபத்தை ஆரம்பித்தாள். எதையோ பிடிக்க ஓடுகிறவள் போல வேகவேகமாகச் சொன்னாள். சேவியர் கண்ணைத் துடைத்துத் துடைத்து ஓட்ட, நான் பதில் வரிகளைச் சொல்லிக்கொண்டு வந்தேன். வீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சித்தி எழுந்து வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு, நீ வர்ற வழியிலதான் போனாரு, உன்னைக் கேட்டுக்கிட்டே போனாரு என்று ராகம் போட்டாள். அங்கேயும் பொய். ஒரு மனிதரைச் செத்த பிறகும் சாகவிடாமல் சீரியஸிலேயே வைத்திருந்தார்கள். அதுவும் யாரை? பெயில் என்றால் பெயில் என்று சொன்ன மனிதரை.

7

அயர்லாந்துக்குத் திரும்பிப் போன பிறகு முதியோர் இல்லத்து அலுவலகத்தில் லீவை மாற்றித் தரும்படி கேட்டேன். இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள், கொடுத்தேன். நீ வந்து உயிரோடு இருக்கிறார் என்று சொன்ன அன்றைக்கு அவர் உயிரோடு இல்லையே என்றார்கள். எங்கள் ஊரில் இறந்தவர்கள் கொஞ்ச நாள் உயிரோடு இருப்பார்கள் என்பதை எந்த ஆங்கிலத்தில் விளக்குவது? என் மேலாளர் அம்மாள்தான் எனக்காகப் பேசிச் சரி செய்தாள். அவள் கையை உதறியவள் நான்.

ஷெரின் 'நான் அன்றைக்கே கேட்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திட்டியிருக்கலாம். தன் பாட்டியைப் பற்றி, ஆயா சாப்பிட்டாங்களா என்று மட்டும் கேட்டாள், தமிழில்.

சேவியரோடு வெகுநாள் நான் பேசவில்லை. பேசியபோது அவன் தன் பக்கத்தைச் சொன்னான். நடு ஆகாயத்தில் அம்மாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் யார் பொறுப்பு, ஒரே நேரத்தில் இரண்டு பேரையும் நான் புதைக்கவா என்று கேட்டான். அவன் கேட்டது நியாயம்தான். அவன் நல்லவன், மெத்தென்று இறக்கத்தான் பார்த்தான். நியாயம் என்பதால் குமட்டல் நின்றுவிடவில்லை.

8

இந்த முறையும் சேவியர்தான் வந்திருந்தான். இறங்கியதும் என் விரல் வழக்கம்போல அப்பாவின் எண்ணைத் தேடியது, பிறகு அம்மாவுக்கு அடித்தேன். அவள் எடுக்கவில்லை. பூசை வேலையில் இருப்பாள் என்றான் சேவியர். ஓசூர் தாண்டினோம். வெயில் காய்ந்தது. கிருஷ்ணகிரி டோல்கேட் தாண்டியது. அதே ஓட்டல் வந்தது. வண்டி மெதுவானது.

"சாப்புட்டுட்டுப் போலாங்கக்கா" என்றான்.

வண்டியை ஓரங்கட்டு என்றேன். என்ன ஆச்சு, நேராகச் சொல் என்றேன். ஒன்னுமில்லிங்கக்கா, பசிக்குது, நாலு மணிக்கு எந்திரிச்சு வந்தேன் என்றான். அவன் முகத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தும் என்னால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. கூடப் பிறந்தவன் பசிக்கிறது என்று சொன்னால் நம்ப முடியாத இடத்துக்கு எங்களைக் கொண்டுவந்து விட்டிருக்கிறது இந்தப் பழக்கம்.

மறுபடி அம்மாவுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. நின்றது. மறுபடி அடித்தேன். கடைசியில் எடுத்தாள்.

எங்கேம்மா போனே என்றேன். கல்லறைத் தோட்டத்தில் நிற்கிறாளாம். அப்பா கல்லறைக்கு ஆள் விட்டுச் சுண்ணாம்பு அடிக்கிறாளாம், போன் பைக்குள் கிடந்ததாம்.

"ஏங் கண்ணு இப்படி மூச்சு வாங்குது?"

"தம்பி ஓட்டல்ல நிறுத்தறாம்மா."

அந்தப் பக்கம் சுண்ணாம்பு மட்டை உரசுவது கேட்டது.

"தின்னுட்டு வா. நான் போனா உன்னைப் பட்டினியாத்தான் கூட்டியாரணும்னு அவங்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். போன்லயே அம்மா செத்துட்டான்னு சொல்லிடணும், வழியில பச்சத்தண்ணி வாங்கித் தரக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கேன். அவன் தின்னச் சொல்றான்னா நான் இருக்கேன்னு அர்த்தம்."

நான் சேவியரைப் பார்த்தேன். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, ஆமாம் என்று தலையாட்டினான்.

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"எப்படி எறங்குச்சு?" என்றாள்.

ஒரு வருடமாக யாரும் என்னிடம் கேட்காத கேள்வி.

"ரொம்ப மெத்துன்னு எறங்குச்சும்மா. நல்லாவே இல்ல."

"சரி, இப்ப சோறு தின்னு" என்று சொல்லிவிட்டுச் சுண்ணாம்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

உள்ளே போய் உட்கார்ந்தோம். சேவியர் எனக்கும் சேர்த்து இட்லி சொன்னான்.